ஏழாவது கதவும் இருசம்மாளின் ஓலைப்பெட்டியும்

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நேரே டச்சுக் கல்லறைக்குத்தான் வழி கேட்கிறார்கள். எலும்புக்கூடு செதுக்கிய கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்தார்கள், சரி. அவர்கள் தின்ற மீனைப் பிடித்தது யார்? அவர்கள் ருசி பார்த்த இறாலுக்கு ஓடு உரித்தது யார்? ஒருத்தரும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன். இருசம்மாள் என்று ஒரு மீன்காரி இருந்தாள். அவளுக்குக் கல்லறை கிடையாது. ஆதாரம் கேட்காதீர்கள், அதுவும் கிடையாது. எனக்கு வாய் இருக்கிறது, சொல்கிறேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல்மேட்டுக்குப்பம் அவள் ஊர். புருஷன் துளசிங்கம். நாளைக்கு மூன்று வார்த்தை பேசினால் அதிகம். அவனுடைய பங்கையும் சேர்த்து இருசம்மாளே பேசிவிடுவாள். தலையில் கூடையோடு தோணி ஏறி ஊருக்குள் போய், வீடு வீடாகக் கொல்லைப்புறத்தில் மீன் கொடுப்பது அவள் பிழைப்பு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே, அது சும்மா இருக்காது. எங்கே நாலு பேர் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தாலும் கூடையை இறக்கிவிட்டு நின்றுவிடுவாள். பாதி நாள் மீன் கெட்டுப்போனது இந்தக் காதால்தான்.

ஊருக்குள் சுப்பராயலு என்று ஒரு துபாஷி இருந்தார். ஒல்லாந்தர் பேசுவதை நமக்கும் நாம் பேசுவதை ஒல்லாந்தருக்கும் சொல்கிற வேலை. பெரிய மனிதர், பெரிய வயிறு. மாலை நேரத்தில் பின்கட்டில் உட்கார்ந்து வீட்டுப் பெண்களுக்கு ஓலை பார்த்துக் கதை படிப்பார். இருசம்மாள் மீன் கொண்டுபோகிற நேரமும் அதுதான். ஒரு தடவை ஏழு கதவுள்ள மாளிகைக்குள் மாட்டிக்கொண்ட அரசகுமாரி கதையை ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு கதவு. இருசம்மாள் ஆறு நாள் கொல்லைக் கதவுக்கு வெளியே நின்று ஆறு கதவையும் திறந்து பார்த்துவிட்டாள். ஏழாவது நாள் பாழாய்ப்போன கடற்காற்று திசை மாறி, கூடை வாசம் உள்ளே போய்விட்டது.

"யாரு அது? கதை கேக்க மீன்காரிங்க எல்லாம் வந்தாச்சா? கதவை சாத்துங்கடி!" என்றார் துபாஷி.

சாத்திவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபது வயது. மூக்கு மரத்தில் இடிக்க நின்று பார்த்தாள், ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அவள் கேட்காத ஆள் இல்லை. உப்பு ஏற்ற வந்தவன், கோயில் பண்டாரம், கோட்டைச் சேவகன் எல்லாரையும் கேட்டாள், கதவைச் சாத்திய வீட்டாரை மட்டும் கேட்க ரோஷம் விடவில்லை. ஒருத்தனுக்கும் அந்தக் கதை தெரியாது. கடைசியில் துளசிங்கத்தையே கேட்டாள். "ஏழாவது கதவுக்கு அப்பால இன்னா இருக்கும்யா?" அவன் காலையிலிருந்து யோசித்து, வலையை உதறிக் காயப்போட்டு, சாயங்காலம் பதில் சொன்னான். "சுவரு."

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் பெட்டி வந்தது.

எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் எந்த வீட்டார் வலை இறக்குவது என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். அன்றைய பாட்டில் வலையில் எது வந்தாலும் அந்தப் பாட்டைச் சேர்ந்த பதினெட்டு வீட்டுக்கும் பொது. இன்னொரு சட்டமும் உண்டு. வந்ததைக் கரையில் எல்லார் காதிலும் விழும்படி கூவிச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கூவாமல் எடுத்தால் அது திருட்டு.

ஐப்பசிப் புயலில் எங்கிருந்தோ வந்த தோணி ஒன்று முகத்துவாரத்தில் உடைந்தது. நாலாம் நாள் துளசிங்கம் வீட்டார் பாடு. வலை கனத்தது. ஆசையாக இழுத்தார்கள். "பெட்டி ஒண்ணு!" என்று கூவினார்கள். திறந்தால் உள்ளே ஓலைச்சுவடிகள். "த்தூ! ஒரு நண்டு கூட இல்ல" என்று ஆண்கள் போய்விட்டார்கள். கரை ஏறிய சரக்கு பெண்கள் பொறுப்பு. அதுவும் முறைதான்.

நனைந்த எதைப் பார்த்தாலும் குப்பத்துப் பெண்களின் கை ஒரே வேலையைத்தான் செய்யும். இருசம்மாளும் பக்கத்து வீட்டு எல்லம்மாவும் கயிறுகளை அறுத்து, ஓலைகளை ஒவ்வொன்றாகக் கருவாடு காயப்போடுகிற மணலில் பரப்பினார்கள். காக்கை ஓட்டினார்கள். மதியத்தில் திருப்பிப் போட்டார்கள்.

"உப்பு போடணுமா அக்கா?" என்றாள் எல்லம்மா.

இருசம்மாள் உண்மையிலேயே யோசித்தாள். "வேணாம். கடலே போட்டுடுச்சு."

மூன்று நாளில் காய்ந்தது, ஆனால் எழுத்து மங்கிக் கிடந்தது. துபாஷி வீட்டில் ஓலைக்கு ஏதோ வாசனைத் தைலத்தில் கரி குழைத்துப் பூசுவதை அவள் பார்த்திருக்கிறாள். வாசனைத் தைலத்துக்கு அவள் எங்கே போவாள்? படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய் இருந்தது. அதில் விளக்குக் கரியைக் குழைத்துத் தேய்த்துத் துடைத்தாள். எழுத்து பளிச்சென்று எழுந்தது. நாற்றமும் எழுந்தது.

அப்புறம் செய்தாள் பாருங்கள் ஒரு காரியம், நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கருவாட்டை எப்படித் தரம் பிரிப்பார்கள்? அளவு பார்த்து. பெரிசு ஒரு கட்டு, நடுத்தரம் ஒரு கட்டு, பொடி ஒரு கட்டு. உடைசல் வாத்துக்கு. ஓலைகளையும் அவள் அப்படியே பிரித்தாள். எந்த ஓலை எந்தச் சுவடியில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஓரம் கோணாமல் மூன்று கட்டாகக் கட்டிப் பெட்டியில் வைத்தாள். உடைசல் ஓலைகளை வாத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதால், ஏரியில் விட்டுவிட்டாள்.

மாதம் ஒரு தடவை சம்சுதீன் மரைக்காயர் வலை நூல் விற்கக் குப்பத்துக்கு வருவார். படிக்கத் தெரிந்தவர், நல்ல மனுஷர். ஓலையைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேல் ஓலையைப் படித்தார். "சுரம் தணிய மிளகு மூன்று, சுக்கு ஒரு துண்டு, இரண்டையும் நன்றாக இடித்து..." ஓலையைத் திருப்பினார். "...மடியில் இருத்தி, கண்ணே முத்தே என்று கொஞ்சினான் மன்னன்." மறுபடி திருப்பினார். "வடக்கே மின்னி மேற்கே இடித்தால் தோணி இறக்காதே."

"யா அல்லா! இத்த யாரு கட்டுனது?" என்றார்.

"நான்தான் மரைக்காயரே. அளவு பார்த்து கட்டினேன். ஒண்ணாவது கோணலா கீதா, பாருங்க" என்றாள் இருசம்மாள் பெருமையாக.

"ஏட்ட போயி அளவு பார்த்தா கட்டுவாங்க?"

"பின்ன வேற எத்த பார்த்து கட்டுவாங்க?"

மரைக்காயர் ஓலைகளைத் திருப்பிப் பார்த்தார். ஓலைகளில் எண் இருந்தது. அதை வைத்துச் சேர்க்கலாம் என்று பார்த்தார். ஏழு என்று எண் போட்ட ஓலையே எட்டு இருந்தது. "நாலு மாசம் குடுங்க, மருந்து தனியா, கதை தனியா, பாட்டு தனியா பிரிச்சுத் தரேன்" என்றார்.

எல்லம்மாதான் மறுத்தாள். "வேணாம் சாமி. தனியா பிரிச்சா மருந்துக் கட்ட எவ தொடுவா? இப்ப பாரு, கொஞ்சல கேக்க உக்காந்தேன், சுரத்துக்கு மருந்தும் தெரிஞ்சுபோச்சு."

அன்று ஐந்தாவது ஓலையில் இந்த வரி வந்தது: "அரசகுமாரி மூன்றாவது கதவின் முன் நின்று..." இருசம்மாள் ஓவென்று கத்தினாள். அரிவாள்மணையில் இருந்த மீன் துள்ளி மண்ணில் விழுந்தது. அவள் கதை! அந்தக் கட்டுக்குள் எங்கேயோ ஏழாவது கதவு இருக்கிறது. அன்றைக்கே எல்லா ஓலையையும் புரட்டிவிட வேண்டும் என்று துடித்தாள். நடக்கவில்லை. பெட்டி பாடு முறையில் வந்த சரக்கு. பதினெட்டு வீட்டுக்கும் முறை உண்டு. ஒரு வீட்டார் ஒரு ஓலையைக் கையை விட்டு உருவி எடுத்துக் கொடுப்பார்கள், அதை மரைக்காயர் படிப்பார். பிறகு அடுத்த வீடு. வேண்டியவர் ஓலையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அடுத்த முறைக்குள் திருப்பித் தர வேண்டும். இது உயர்ந்தது, இது ஆகாது என்று ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்க்கவும் தெரியாது. சிலர் பிள்ளைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தக் குப்பத்துப் பூனைகள் எல்லாம் இலக்கியத்தின் பின்னால் திரிந்தன.

இப்படி மாதத்துக்குப் பதினெட்டு ஓலையாக ஓடிக்கொண்டிருந்தது. இருசம்மாள் பொறுத்தாள். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவளுக்கு இது பெரிதா? அப்போதுதான் கேசவன் ஒரு ஓலையை உருவினான். கேசவன் ஓடக்காரன், ஊருக்கும் குப்பத்துக்கும் துடுப்புப் போடுகிறவன். அந்த ஓலையில் இருந்தது இது:

கோட்டைக்குப் போனார் துபாஷி
கொக்குப் போலே நடந்து;
திரும்பி வந்தார் துபாஷி
தோணி போலே அசைந்து.

எந்த ஊர்த் துபாஷியோ, எந்தக் காலத்துப் பாட்டோ. பேர் ஊர் எதுவும் இல்லை. ஆனால் நம் ஊரில் அப்படி அசைந்து வருகிறவர் ஒருத்தர்தானே இருந்தார்? ஒரே வாரத்தில் பாட்டு ஏரியைத் தாண்டி அவர் காதில் விழுந்தது. மறுநாளே கோட்டையிலிருந்து சேவகன் வந்து நின்றான். பெட்டியை அப்படியே கொண்டுவர வேண்டும், கொளுத்தப்போகிறார்கள்.

ஊர் கூடியது. ஊர்ப் பெரியதனம் சிங்காரம் கையை உதறினார். "கோட்டைக்காரன் கேக்கறான், குடுத்துடுவோம். ஓலைய கொழம்பு வெக்கவா போறோம்?"

பெண்கள் ஊர்க்கூட்டத்தில் பேசுகிற வழக்கம் இல்லை. இருசம்மாளுக்கு அது நினைவிலேயே இல்லை. பெட்டி எரிந்தால் ஏழாவது கதவும் எரியும். "சிங்காரம் மாமா! வலையில ஒரு மீனு துபாஷி ஐயாவுக்கு ஆவலன்னா, மொத்த மீனையும் கொளுத்துவியா நீ? அது பதினெட்டு வீட்டு பாடு. அவருக்கு ஆவாத ஓலைய அவரு வந்து பொறுக்கிக்கினு போவட்டும். மத்தது மேல கை வெக்க அவரு யாரு?"

கூட்டம் முணுமுணுத்தது. ஒல்லாந்தருக்குப் பயப்படலாம், அது வேறு. பாடு முறையை மீறினால் நாளைக்கு ஏரியில் அடிதடி. சிங்காரம் தலையைச் சொறிந்துகொண்டு சேவகனிடம் அதையே சொல்லி அனுப்பினார்.

சுப்பராயலு குதித்தார். ஆனால் யாரை அனுப்பிப் பொறுக்கச் சொல்வது? கோட்டை எழுத்தர்களில் எவனை அனுப்பினாலும் பாட்டு முழுசும் அவன் வாய்க்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் தானே வந்தார். கருவாட்டு முற்றத்தில் பாய் போட்டார்கள். மூக்கில் மேல்துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓலையைக் கண்ணால் மேய ஆரம்பித்தார்.

"ஐயா, கூவணும்" என்றார் சிங்காரம்.

"இன்னாது?"

"வலையில வந்தத கூவித்தான் எடுக்கணும். எங்க நைனா காலத்துலேருந்து அப்படித்தான். கூவலன்னா திருட்டுங்க ஐயா."

துபாஷிக்கு முகம் சிவந்தது. எழுந்து போனால் பயந்து ஓடினார் என்பார்கள். கூட வந்த சேவகர்கள் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொண்டையைச் செருமினார், படித்தார். மருந்து வந்தது. மன்னன் வந்தான். மின்னல் வந்தது. பதினொன்றாவது ஓலையில் பாட்டு வந்தது. தன் வயிற்றைப் பற்றித் தானே உரக்கப் படித்தார், பாவம். பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று சிங்காரம் கண்ணை உருட்டினார். சிரித்தது யார் தெரியுமா? துளசிங்கம். அவன் வாய்விட்டுச் சிரித்து இருசம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளும் வந்தார். மூக்கில் இருந்த துண்டு தோளுக்கு வந்துவிட்டது. சுரக் கஷாயம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எல்லம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார். சாயங்காலம் திரும்பும்போது கேசவன் துடுப்புப் போட்டபடி தன்னை மறந்து அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். பாதியில் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். துபாஷி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "டேய், தோணி முடிஞ்சதும் அடுத்த ஓலையில சந்தை வரும். நீ அத்த விட்டுட்ட" என்றார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்குள் வந்து, "எங்கேம்மா விட்டோம்?" என்று தானே பாயை விரித்தார். அதற்குள் கொளுத்த ஒதுக்கிய துபாஷிப் பாட்டு ஓலைகள் ஐந்து சேர்ந்துவிட்டன. மத்தியானத்துக்கு ஆறாவதும் கிடைத்தது. இருசம்மாளுக்கோ பாட்டாவது ஒன்றாவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு கதவும் முன்பின்னாக வந்துவிட்டன. பொடிக் கட்டில் கடைசி ஓலை மிச்சம். துபாஷி எடுத்துக் கூவினார். "தேள் கடிக்கு எருக்கம்பால்."

பெட்டி காலி.

இருசம்மாள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். மணல் கொட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதையின் கடைசி ஓலை சுவடியின் வெளிப்பக்கம்தானே இருக்கும்? அலையில் அதுதானே முதலில் உடையும்? உடைசல் என்று ஏரியில் விட்டது யார்? அவள்தான், இதே கையால்! தலையில் அடித்துக்கொண்டு, குழந்தை போல வாய்விட்டு அழுதாள்.

"இந்தம்மா ஏன் அழுது?" என்றார் துபாஷி.

"ஏழாவது கதவுங்க ஐயா. பன்னெண்டு வருஷமா அத்தான் கேட்டுக்கினு கீது" என்றாள் எல்லம்மா.

"அடச்சே, இதுக்கா? அது எனக்கு மனப்பாடம்" என்று துபாஷி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நாள் கூவிய பழக்கத்தில் அதையும் உரக்கவே சொன்னார். "ஏழாவது கதவு திறந்தா, தங்க ஊஞ்சல்ல ஒரு ராஜகுமாரன். ரெண்டு பேருக்கும் கல்யாணம். நாடு செழிச்சுது. சுபம்."

இருசம்மாள் அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஐயே! இதுக்கா ஐயா கதவை சாத்துனீங்க?"

"எந்தக் கதவை?"

அவள் சொன்னாள். ஆறு நாளையும் சொன்னாள், காற்று மாறிய ஏழாவது நாளையும் சொன்னாள். அவருக்கு நினைவே இல்லை. சாத்துகிறவர்களுக்கு எங்கே நினைவு இருக்கும்? வெளியே நிற்கிறவளுக்குத்தான் அந்த மரத்தின் வரி கூட மறக்காது. துபாஷி தன் விரல்களைப் பார்த்தார். மூன்று நாள் ஓலை பிடித்ததில் சுறா எண்ணெய் அவர் கையிலும் நன்றாக ஏறியிருந்தது.

"சரிம்மா, நீ இன்னா நெனச்ச? அங்க யாரு இருப்பான்னு?" என்றார்.

"மொதல்ல ராஜான்னு நெனச்சேன். அப்புறம் கடலுன்னு நெனச்சேன். எங்க ஊட்டுக்காரரு சுவருன்னாரு. நடந்து நடந்து யோசிச்சதுல ஒருநாள் தெரிஞ்சுபோச்சுங்க ஐயா."

"யாரு?"

இருசம்மாள் சொன்னாள். துபாஷி சேவகனிடம் எழுத்தாணியை வாங்கினார். எழுத வெற்று ஓலை இல்லை. ஆறாவது பாட்டு ஓலையின் பின்புறம் மட்டும் காலியாக இருந்தது. அதைக் கொளுத்தத்தானே வந்தார்? கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைத் திருப்பி எழுதினார். எழுதி முடித்து, அதோடு மற்ற ஐந்தையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"ஐயா, கூவணும்" என்றார் சிங்காரம்.

துபாஷி சுப்பராயலு எழுந்து நின்றார். பதினெட்டு வீட்டுக்கும் கேட்கும்படி படித்தார்:

"அரசகுமாரி ஏழாவது கதவைத் திறந்தாள். அங்கே தலையில் கூடையோடு ஒரு மீன்காரி நின்றுகொண்டிருந்தாள். 'இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு தாயி, வெளியே சரியாகக் கேட்கவில்லை' என்றாள்."